சடலத்தின் அருகே நிற்பவர்கள்

கொலையோ விபத்தோ, புயலோ மண்சரிவோ, எது நடந்தாலும் முதலில் ஓடி வருகிறவர்கள் சிலர். வழக்கு முடியும்வரை விடாமல் நிற்கிறவர்கள் சிலர். கேரள-தமிழ்நாடு எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கிராமங்களின் அண்மைக்கால வரலாற்றை எழுதினால் பக்கத்துக்குப் பக்கம் இவர்கள் இருப்பார்கள். இவர்களின் மனநலத்துக்கும் பணி வாழ்வுக்கும் நாம் செய்திருப்பது என்ன?

2025 ஜனவரியின் நடுவில் ஐந்து நாட்கள் கேரளம் முழுவதும் நெய்யாற்றின்கரையையே பார்த்துக்கொண்டிருந்தது. நெய்யாற்றின்கரை அருகே ஒரு குடும்பத்தார், தங்கள் வீட்டு மூத்தவர் சமாதி அடைந்துவிட்டார் என்று சொல்லி, தாங்களே கட்டிய கான்கிரீட் அறையில் அவரை அமர்த்தி மூடியிருந்தார்கள். இறப்பு எப்படி நேர்ந்தது என்று ஊரார் கேட்டார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. ஜனவரி 16, வியாழக்கிழமை காலை, வருவாய்த் துறையும் காவல் துறையும் மருத்துவர்களும் கூடி நிற்க, அந்த அறை திறக்கப்பட்டது. அமர்ந்த நிலையில் இருந்த உடல் வெளியே எடுக்கப்பட்டுப் பிரேதப் பரிசோதனைக்குப் போனது. மறுநாள் சடங்குகளுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது.

அதே வெள்ளிக்கிழமை, அதே ஊரில், தோழி கொடுத்த நஞ்சு கலந்த கஷாயத்தைக் குடித்து ஓர் இளைஞர் இறந்த பாறசாலை கஷாய வழக்கில் குற்றம் நிரூபணமானது என்று கூடுதல் அமர்வு நீதிமன்றம் அறிவித்தது. ஜனவரி 20 அன்று முதல் குற்றவாளியான தோழிக்குத் தூக்குத் தண்டனையும், அவருடைய மாமாவுக்கு மூன்றாண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. அவருடைய தாயார் விடுதலையானார். நீதிபதி ஏ.எம். பஷீரின் தீர்ப்பு 586 பக்கம்.

இரண்டு செய்திகளையும் தொலைக்காட்சிகள் நிமிடத்துக்கு நிமிடம் காட்டின. குடும்பத்தார் பேசினார்கள், வழக்கறிஞர்கள் பேசினார்கள், அக்கம்பக்கத்தார் பேசினார்கள். மூடிய அறைக்குள் முதலில் கையை நுழைத்தவர் யார்? உடலைத் தூக்கியவர்கள் யார்? பதினொரு நாள் மரணத்தோடு போராடிய ஓர் இளைஞனின் நுரையீரலை அறுத்துப் பார்த்தவர் யார்? அவனுடைய கைபேசியில் இருந்த காதலையெல்லாம் வரிவரியாகப் படித்து, அதிலிருந்து கொலையைப் பிரித்தெடுத்தவர் யார்? இவர்களை எந்தக் கேமராவும் தேடிப் போகவில்லை. போகாததும் ஒரு வகையில் நல்லதுதான். ஆனால் அவர்கள் அன்று இரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்று கேட்கும் கடமை யாரோ ஒருவருக்கு இருக்க வேண்டும். இன்று அது யாருடைய கடமையும் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சொல்லாமல் போனவனின் சாட்சிகள்

கஷாய வழக்கைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்தத் தொழிலின் கனம் புரியும். 2022 அக்டோபர் 14 அன்று, பாறசாலையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பகுதியில் இருந்த தோழியின் வீட்டுக்குப் போனார். அங்கே கொடுக்கப்பட்ட கஷாயத்தில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி கலந்திருந்தது. கேரளம் 2011-லேயே தடைசெய்த நஞ்சு அது. உள்ளே போனால் நுரையீரலில் போய்த் தங்கும். சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். கடைசியில் நுரையீரல் தழும்பேறி இறுகி மூச்சு நிற்கும். முறிமருந்து கிடையாது. நோயாளி பெரும்பாலும் கடைசிவரை நினைவோடு இருப்பார். பக்கத்தில் நிற்கும் செவிலியருக்கு முடிவு தெரியும், தடுக்க வழி தெரியாது.

அக்டோபர் 25 அன்று திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் அந்த இளைஞர் இறந்தார். மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் பதிவு செய்தபோதும் அவர் யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. இறந்தவரே சொல்லாத ஒன்றை வேறு பலர் சேர்ந்து சொல்ல வேண்டியதாயிற்று. சிகிச்சை அளித்த மருத்துவர்கள் நோய் போன போக்கைச் சொன்னார்கள். உடலைப் பரிசோதித்தவர்கள் உறுப்புகளின் நிலையைச் சொன்னார்கள். கஷாயம் கொடுக்கப்பட்ட அன்று காலை, பாராகுவாட் உடலில் என்ன செய்யும் என்று இணையத்தில் தேடப்பட்டிருந்ததை டிஜிட்டல் தடயவியலார் எடுத்துக் காட்டினார்கள். முன்பு பழச்சாற்றில் மாத்திரைகளைக் கலந்து கொடுத்துப் பார்த்த முயற்சியும் வெளியே வந்தது. அக்டோபர் 31 அன்று கைது நடந்தது.

கைதானவர் நெடுமங்காடு காவல் நிலையக் கழிவறையில் கிருமிநாசினியைக் குடித்துவிட்டதும், காவலுக்கு இருந்த இரண்டு பெண் காவலர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டதும் அந்த நாட்களின் செய்தி. கண்ணிமைக்கும் நேரக் கவனப்பிசகு ஒரு வழக்கையும், ஓர் உயிரையும், தன் வேலையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும் என்ற அச்சத்தோடுதான் இவர்கள் ஒவ்வொரு நாளும் பணிக்கு வருகிறார்கள்.

கோடு ஒன்று, பாதை இரண்டு

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்கள் பிரிந்தன. விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டார்களே தவிர, உறவு பிரியவில்லை. இஞ்சிவிளையில் தாய்வீடு, களியக்காவிளையில் புகுந்த வீடு என்று வாழ்கிறவர்கள் இங்கே ஆயிரக்கணக்கானோர். ஒரே வாக்கியத்தில் பாதி தமிழும் பாதி மலையாளமும் பேசுவதில் யாருக்கும் சிரமம் இல்லை.

மரணம் வந்துவிட்டால் மட்டும் கோடு குறுக்கே வந்து நிற்கும். களியக்காவிளையில் அடிபட்டு இறந்தவரின் உடல் குழித்துறைக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போகும். சில நூறு மீட்டர் தள்ளிப் பாறசாலைப் பக்கம் இறந்தவரின் உடல் நெய்யாற்றின்கரைக்கோ திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கோ போகும். இங்கே பிரேத விசாரணை அறிக்கை தமிழில், அங்கே மலையாளத்தில். கேரளப் பக்கத்தில் உள்ளுறுப்பு மாதிரிகள் திருவனந்தபுரத்தில் உள்ள இரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்துக்கும் மற்ற தடயங்கள் காவல் துறையின் தடய அறிவியல் ஆய்வகத்துக்கும் போகும். தமிழ்நாட்டுப் பக்கத்தில் தடய அறிவியல் துறைக்குத் திருநெல்வேலியில் வட்டார ஆய்வகம் இருக்கிறது. கஷாய வழக்கிலேயே, குற்றம் நடந்தது தமிழ்நாட்டில், இறந்தது கேரளத்தில், எங்கே விசாரிப்பது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போய், கேரளத்திலேயே விசாரணை நிலைத்தது.

இந்த இரட்டை நடைமுறையின் சுமை களத்தில் நிற்பவர்களின் தலையில்தான் விழுகிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது அது வெட்டவெளிச்சமானது. நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் என்று தமிழ்நாட்டுக் கடற்கரையும், பொழியூர், பூவார் என்று நெய்யாற்றின்கரைக் கடற்கரையும் சேர்ந்து ஆட்களை இழந்தன. பல நாட்கள் கழித்து, வெகுதூரத்துக் கடலில், முகம் தெரியாத நிலையில் உடல்கள் கிடைத்தன. திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தில் டிஎன்ஏ பரிசோதனை நடந்தது. கோட்டின் இரண்டு பக்கத்து மனைவிமாரும் தாய்மாரும் இரத்த மாதிரி கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து “இன்னும் வரவில்லை” என்று தினமும் பதில் சொல்ல வேண்டியிருந்த பிணவறை ஊழியர், காவலர், மீன்வளத் துறை எழுத்தர் ஆகியோரின் நிலையைக் கேட்டறிந்து பதிவு செய்யும் ஏற்பாடு அன்று இல்லை. இன்றும் இல்லை.

நீரிலும் மண்ணிலும்

இந்தப் பகுதிக்கு நினைவு நீண்டது. 2001 நவம்பர் 9 இரவு, அப்போது நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருந்த அம்பூரியில் மலை சரிந்து நாற்பதுக்கு நெருக்கமான உயிர்கள் போயின. மண்ணைத் தோண்டி எடுத்தவர்களில் பலர் அதே ஊர்க்காரர்கள். எடுத்த உடல்கள் தெரிந்தவர்களுடையவை.

2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி எர்ணாகுளம் பேருந்து நிலையம் அருகே கழிவுநீர் ஓடையில் கிடைத்தது. இரு மாநிலக் காவலர்களும் சேர்ந்து துலக்கிய வழக்கு அது. பின்னர் தேசியப் புலனாய்வு முகமை ஏற்றது. அன்று சம்பவ இடத்தில் தடயம் எடுக்கக் குனிந்தவர்களுக்குக் கீழே கிடந்தது சக பணியாளரின் இரத்தம். மறுநாளும் அதே சாவடியில் ஒருவர் இரவுப் பணிக்கு நிற்க வேண்டியிருந்தது.

2024 ஜூலை 13 அன்று, நெய்யாற்றின்கரைத் தாலுகா மாராயமுட்டத்தைச் சேர்ந்த ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர், திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ளும்போது அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்பு, மீட்புத் துறையின் முக்குளிப்பு வீரர்கள் மலமும் பிளாஸ்டிக்கும் அடர்ந்த இருட்டுச் சுரங்கத்துக்குள் மீண்டும் மீண்டும் இறங்கினார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. கையால் துழாவித்தான் தேட வேண்டும். தேசியப் பேரிடர் மீட்புப் படையும் கடற்படையும் வந்தன. ஏறத்தாழ 46 மணி நேரம் கழித்து, ஜூலை 15 காலை உடல் வேறோர் இடத்தில் மேலே வந்தது. நாடே அந்த வீரர்களைப் பாராட்டியது. பாராட்டு அந்த வாரத்தோடு முடிந்தது.

இரண்டு வாரம் கழித்து வயநாடு. ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணுக்குள் போயின. முந்நூறுக்கு நெருக்கமானோர் இறந்தார்கள். சாலியாற்றில் மிதந்து வந்த உடல்களும் உடற்பாகங்களும் நிலம்பூரிலும் மேப்பாடியிலும் பரிசோதிக்கப்பட்டன. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்து தடயவியல் மருத்துவர்கள் போனார்கள். கண்ணூர் ஆய்வகத்தில் டிஎன்ஏ பொருத்தம் பார்க்கப்பட்டது. அடையாளம் தெரியாதவர்கள் புத்துமலையில் எண்களோடு புதைக்கப்பட்டார்கள். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும், ஒரு கையையோ காலையோ அளந்து எழுதி மாதிரி எடுத்துப் பையில் இட்டு முத்திரை வைத்த ஒரு மனிதர் உண்டு.

மனம் படும் பாடு

“பழகிப் போயிருக்கும்” என்பது இவர்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல். மருத்துவம் அதை ஏற்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்க்கான காரணங்களில் ஒன்றாகப் பணியின் பொருட்டுத் திரும்பத் திரும்பக் கொடுமையைச் சந்திப்பதையும் சேர்த்தது. அது தரும் எடுத்துக்காட்டுகள் இரண்டு: மனித உடற்பாகங்களைச் சேகரிக்கும் மீட்பாளர்கள், குழந்தைகள் மீதான வன்கொடுமை விவரங்களைத் தொடர்ந்து எதிர்கொள்ளும் காவலர்கள். பணிக்காகப் பார்க்கும் காணொளியும் படமும்கூட இதில் அடங்கும். கேரளக் காவல் துறை 2019 முதல் நடத்திவரும் ‘ஆபரேஷன் பி-ஹன்ட்’ போன்ற தேடுதல்களில் கைப்பற்றப்படும் கோப்புகளை யாரோ ஒருவர் திரையில் உட்கார்ந்து பார்த்தாக வேண்டியிருக்கிறதே, அவரும் காயப்படக்கூடியவர்தான் என்பது இதன் பொருள்.

காயம் பெரும்பாலும் சத்தமில்லாமல் வருகிறது. தூக்கம் கலையும். ஒரு குறிப்பிட்ட வாடை மூக்கைவிட்டுப் போகாது. இறைச்சிக் கடையைத் தாண்ட முடியாது. தன் பிள்ளை பத்து நிமிடம் தாமதமாக வந்தால் நெஞ்சு படபடக்கும். எரிச்சல் வீட்டார் மேல் திரும்பும். சிலருக்கு எதுவுமே உறைக்காமல் மரத்துப் போகும். அதைத் துணிச்சல் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பலர் மதுவிடம் போய்ச் சேர்வார்கள். குடிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்ற பேச்சு பிணவறை வாசல்களில் சாதாரணமாகக் கேட்கிறது. ஓர் ஊழியரின் குடல் அழுகுவதை அவருடைய வேலைக்கான தகுதி போல நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இதைவிடப் பெரிய வெட்கக்கேடு இல்லை.

2019 ஜனவரி முதல் 2023 ஆகஸ்டு வரை கேரளக் காவல் துறையில் 69 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று துறையின் கணக்கே சொன்னது. காரணங்கள் பல: குடும்பம், கடன், உடல்நலம், பணிச்சுமை. ஒவ்வொரு மரணத்தையும் பணியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் நெருக்கடியில் இருந்த அந்த 69 பேரும் உதவி கேட்கத் தோதான இடமாகத் தங்கள் அலுவலகம் இருந்ததா என்ற கேள்வி நியாயமானது.

காவலர்களைப் பற்றிக் கணக்காவது இருக்கிறது. கணக்கிலேயே வராதவர்கள் இன்னும் பலர். பிணவறை உதவியாளர், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர், அதில் வரும் அவசர மருத்துவ உதவியாளர், சம்பவ இடத்தைப் படமெடுக்கும் புகைப்படக்காரர், விரல்ரேகை எடுப்பவர், ரயில் தண்டவாளத்தில் சிதறியதைச் சேகரிக்கக் கூப்பிடப்படும் கூலியாள். பாறசாலை வழியாக நாகர்கோவில் போகும் பாதையில் 1979 முதல் ரயில் ஓடுகிறது. அத்தனை ஆண்டுகளாகத் தண்டவாளத்தில் கிடக்கும் உடலை எடுக்க அழைக்கப்படுகிறவருக்குப் பணி ஆணை கிடையாது, கையுறைகூட உறுதி கிடையாது. கையில் கொடுக்கும் கூலிதான். பல ஊர்களில் இந்த வேலை இன்றும் ஒருசில சமூகத்தார் தலையிலேயே சுமத்தப்படுகிறது. மனநலத்தைப் பேசும்போது இந்த அநீதியை விட்டுவிட்டுப் பேச முடியாது.

இருப்பது என்ன, போதாதது என்ன

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. கேரளக் காவல் துறை 2017-ல் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் ‘ஹாட்ஸ்’ என்ற ஆலோசனை மையத்தைத் தொடங்கியது. மன அழுத்தத்தில் உள்ள காவலர்கள் அங்கே பேசலாம். தமிழ்நாட்டுக் காவல் துறை பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு 2018-ல் ஒப்பந்தம் செய்து, காவலர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நிறைவாழ்வுப் பயிற்சியை நடத்தியது. 2021 நவம்பரில் காவலர்களுக்கு வார விடுப்பு அரசாணையாக வந்தது. வயநாட்டில் பிழைத்தவர்களுக்கென உளவியல் ஆலோசகர் குழுக்கள் அனுப்பப்பட்டன.

போதாமை மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது, இவை பெரும்பாலும் காவலர்களுக்கானவை. மருத்துவமனையின் பிணவறையும் ஆய்வகமும் ஆம்புலன்சும் வேறு வேறு துறைகளின் கீழ் வருவதால் வெளியே நிற்கின்றன. இரண்டாவது, கேட்டு வருகிறவருக்குத்தான் உதவி. “எனக்கு மனசு சரியில்லை” என்று சொன்னால் பதவி உயர்வு போய்விடும், பெயர் கெட்டுவிடும் என்ற பயம் இருக்கும்வரை கேட்டு வருகிறவர் குறைவாகவே இருப்பார். மூன்றாவது, உதவி பெரும்பாலும் ஒருநாள் வகுப்பாக முடிந்துவிடுகிறது.

ஒருநாள் வகுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெரிய விபத்து நடந்த மறுநாளே எல்லாரையும் உட்கார வைத்து, கண்டதையெல்லாம் சொல்லச் செய்யும் ஒற்றை அமர்வு முறை ஒருகாலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. 2002-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அது நோயைத் தடுக்கவில்லை என்றும் சிலருக்குக் கெடுதல் செய்யக்கூடும் என்றும் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் இன்று பரிந்துரைப்பது உளவியல் முதலுதவி. அதில் யாரையும் கட்டாயப்படுத்திப் பேச வைப்பதில்லை. சோறு, தண்ணீர், ஓய்வு, வீட்டாரோடு பேச்சு ஆகியவற்றை உறுதி செய்ய வேண்டும். அவர் பேச விரும்பினால் கேட்க வேண்டும். சில வாரம் கழித்தும் தொந்தரவு தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. பயிற்சி பெற்ற மேலதிகாரியும், தொடர்ந்து விசாரிக்கும் ஓர் ஒழுங்கும் போதும்.

மனநலத்தைப் பாதிக்கும் இன்னொரு சுமை நீதிமன்றம். ஏழெட்டு ஆண்டுக்கு முன் அறுத்த உடலைப் பற்றி, மூன்று மாவட்டம் தள்ளியிருக்கும் நீதிமன்றத்தில் நாள் முழுவதும் காத்திருந்து சாட்சி சொல்வது மருத்துவர்களின் வழக்கமான அனுபவம். ஓய்வு பெற்ற பிறகும் சம்மன் வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. மாற்றலானவர், ஓய்வு பெற்றவர் தந்த அறிக்கையைப் பற்றி அந்தப் பதவியில் இப்போது இருப்பவரே சாட்சி சொல்ல 336-ஆம் பிரிவு இடம் தருகிறது. காணொளி வழியாகச் சாட்சியம் பெறவும் சட்டம் அனுமதிக்கிறது. பாறசாலை மருத்துவருக்குக் குழித்துறை நீதிமன்றத்திலிருந்தும், ஆசாரிப்பள்ளம் மருத்துவருக்கு நெய்யாற்றின்கரையிலிருந்தும் அழைப்பு வரும் இந்த எல்லைப் பகுதியில், இதை இரு மாநில நீதிமன்றங்களும் மனமுவந்து பயன்படுத்தினால் பெரும் பாரம் குறையும்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு

கஷாய வழக்கைத் தொடர்ந்து பார்த்த எத்தனையோ பள்ளி மாணவர்களுக்குத் தடயவியல் படிக்கும் ஆசை வந்திருக்கும். நல்ல ஆசை. தமிழ்நாட்டுத் தடய அறிவியலுக்கு 1849-ல் சென்னையில் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் வரை நீளும் மரபு உண்டு. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்த துண்டுகளிலிருந்து மனித வெடிகுண்டின் உருவத்தை மீட்டெடுத்த பேராசிரியர் பி. சந்திரசேகரன் நம்மவர். கேரளத்தில் காவல் சர்ஜனாக இருந்த டாக்டர் பி. உமாதத்தனின் நினைவுக் குறிப்புகளைப் படிக்காத தடயவியல் மாணவர் அரிது.

வாய்ப்புகளும் கூடிவருகின்றன. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெறத்தக்க குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு சொல்கிறது. நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. தடயவியல் கட்டமைப்பை விரிவாக்க மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் 2,254.43 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது.

ஆனால் கல்லூரி விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் டிஎன்பிஎஸ்சி, கேரளத்தில் பிஎஸ்சி ஆகியவை இதற்கு முன் வெளியிட்ட அறிவிக்கைகளை எடுத்து, எந்தப் பட்டத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்ற அடிப்படைப் பாடங்களில் முதுநிலைப் பட்டம் பல பதவிகளுக்குக் கதவைத் திறக்கும். வெறும் தடயவியல் இளநிலைப் பட்டம் எல்லா இடத்திலும் போதுமானது என்று நம்பிவிட வேண்டாம். பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டுமானால் எம்பிபிஎஸ் முடித்துத் தடயவியல் மருத்துவத்தில் எம்டி படிக்க வேண்டும். கணினியில் ஈடுபாடு உள்ளவர்களுக்கு டிஜிட்டல் தடயவியல் இருக்கிறது. விரல்ரேகைப் பிரிவு தனித் துறை.

அதற்கும் முன்னால் ஒன்றைச் செய்யுங்கள். இந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் அரைமணி நேரம் பேசுங்கள். வாடை, இரவு அழைப்பு, நீதிமன்றக் குறுக்கு விசாரணை, இறந்தவரின் தாய் காலைப் பிடித்து அழும் தருணம் ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். சினிமாவில் இவை வருவதில்லை. கேட்ட பிறகும் வர வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் வாருங்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் இந்த உரையாடலை மறைக்க வேண்டாம். படிப்பைக் கற்பிக்கும் நிறுவனங்கள் மனத்தைக் காக்கும் முறைகளையும் பாடத்திட்டத்தின் ஒரு தாளாகவே வைக்க வேண்டும். ஒரு வேதிப்பொருளைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லித்தருகிறோம். மனத்துக்கும் அப்படி ஒரு கையுறை வேண்டும் என்பதை இறுதி ஆண்டு முடிந்தும் சொல்வதில்லை.

செய்ய வேண்டியவை

இரு மாநில அரசுகளிடமும் கேட்க வேண்டியவை தெளிவானவை. காவல், தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், தடய ஆய்வகம், பிணவறை என்று துறை பிரிக்காமல், சடலத்தோடும் பேரிடரோடும் வேலை செய்யும் அனைவரையும் ஒரே மனநலத் திட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் தினக்கூலிக்கும் அதில் இடம் வேண்டும். ஆண்டுதோறும் இரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல மனநலத்தையும் பரிசோதிக்க வேண்டும். எல்லாருக்கும் கட்டாயம் என்று ஆகிவிட்டால் யார் மீதும் முத்திரை விழாது. அந்த விவரம் பணிப்பதிவேட்டுக்குப் போகக் கூடாது. குழந்தை மரணம், கூட்டு மரணம், சக பணியாளரின் மரணம் போன்ற பணிகளுக்குப் பிறகு கட்டாய ஓய்வும் பணி மாற்றமும் வேண்டும். மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரிக் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4) பிரிவு ஏற்கனவே சொல்லியிருக்கிறது. இவர்களின் காப்பீட்டில் அது உண்மையில் இருக்கிறதா என்று துறைகள் சரிபார்க்க வேண்டும்.

எல்லைப் பகுதிக்கென்று தனியாக ஒன்று வேண்டும். பாறசாலையும் களியக்காவிளையும் ஒரே விபத்துக்கு ஓடுகின்றன, ஒரே கடலில் உடல் தேடுகின்றன. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையும் சேர்ந்து, தமிழிலும் மலையாளத்திலும் பேசக்கூடிய ஒரு குழுவை இங்கே அமைக்கலாம். மாதம் ஒருமுறை பாறசாலைத் தாலுகா தலைமை மருத்துவமனையில் ஒன்று, குழித்துறையில் ஒன்று என்று தொடங்கினாலே போதும். புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. இரண்டு மாவட்ட ஆட்சியர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் நடக்கும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விபத்து நடந்த இடத்தில் கைபேசியை நீட்டிப் படமெடுக்காமல் வழிவிடுங்கள். பிணவறை ஊழியர் கல்யாண வீட்டுக்கு வந்தால் மற்றவர்களோடு பந்தியில் உட்கார வையுங்கள். உங்கள் வீட்டில் காவலரோ ஆம்புலன்ஸ் ஓட்டுநரோ இருந்து, கொஞ்ச நாளாக அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தால், குறை சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்கள். நீங்களே இந்தப் பணியில் இருந்து, தூக்கமில்லாமல் தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்தில் 1056 திஷா எண்ணும் தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கின்றன. உதவி கேட்பதால் உங்கள் துணிச்சலில் ஒரு குறையும் வந்துவிடாது. இறந்தவர்களுக்கு நீதி வாங்கித் தரும் உங்களுக்கு நிம்மதியான தூக்கத்தைத் தருவது எங்கள் கடன். அதை அரசு செய்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.